பேட்டரி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனவள்

எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது. முப்பத்தாறு வயசில் இதைச் சொல்வதில் வெட்கம் ஒன்றுமில்லை. ஆனால் பதினஞ்சு வருஷம் தெரியும் என்று நடித்துவிட்டு இப்போது சொல்வதுதான் கொஞ்சம் ஒரு மாதிரியாக இருக்கிறது.

பொய்யை ஆரம்பித்தது நான் இல்லை. என் மாமா. என்னைப் பெண் பார்க்க விருத்தாசலத்திலிருந்து வந்திருந்தார்கள். மாப்பிள்ளைக்கு அப்பா அம்மா இல்லை, அக்கா மட்டும்தான். அக்கா கவர்மென்ட் நர்ஸ். கல்யாணம் ஆகாதவர். ஏன் ஆகவில்லை என்று கேட்கிறவர்களுக்கு வலிக்கிற மாதிரி ஊசி போட்டு அனுப்பிவிடுவார் என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். திட்டக்குடியில் இன்னொரு பெண்ணையும் பார்த்திருக்கிறோம், அது நல்லா பாடுது என்றார். எனக்குப் பாட வராது. என் மாமாவுக்குப் பதற்றம் வந்துவிட்டது.

"எங்க பொண்ணு தெனம் பத்து கிலோமீட்டர் சைக்கிள் மிதிச்சித்தாங்க பிளஸ் டூ படிச்சிது. மழையானாலும் மிதிக்கும், வெயிலானாலும் மிதிக்கும்."

உண்மையில் நான் சேத்தியாத்தோப்பு பஸ்ஸில் ஓசிப் பாஸில் போய் வந்தேன். பதினொன்றாம் வகுப்பில் கவர்மென்ட் எனக்கு ஒரு சைக்கிள் கொடுத்தது நிஜம். பள்ளிக்கூடத்து வாசலுக்கே என் அண்ணன் வந்து நின்று, "குடு" என்றான். கொடுத்துவிட்டேன். எனக்கும் அந்த சைக்கிளுக்கும் மொத்த உறவே இருபது நிமிஷம்தான்.

ஆனால் மாமா சொன்னதைக் கேட்டதும் அந்த நர்ஸ் அக்காவின் முகம் மாறிவிட்டது. "அப்ப தைரியமான பொண்ணு" என்றார். "பாட்டெல்லாம் ரேடியோவுல கேட்டுக்கலாம்." அடுத்த மாசமே கல்யாணம். திட்டக்குடிப் பெண்ணை ஒரு சைக்கிளால் அடித்து வீழ்த்திவிட்டு நான் விருத்தாசலம் வந்து சேர்ந்தேன்.

அதன் பிறகு உண்மையைச் சொல்ல நல்ல நாளே அமையவில்லை. என் வீட்டுக்காரர் பீங்கான் சாமான் ஏற்றுகிற மினி லாரி ஓட்டுகிறார். நான் பீங்கான் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். சூளையில் வெந்து வருகிற கப்புகளை விரலால் சுண்டிப் பார்த்து, ணங் என்று சத்தம் வந்தால் நல்லது, டொக் என்றால் விரிசல் என்று பிரித்து வைக்கிற வேலை. கம்பெனி வீட்டிலிருந்து நடக்கிற தூரம். சைக்கிளுக்கு அவசியம் வரவில்லை. வந்தபோதெல்லாம் முதுகு வலி, புடவை, மழை என்று ஏதாவது ஒன்று கைகொடுத்தது. என் பெண்ணுக்கு சைக்கிள் வாங்கியபோது சொல்லிக்கொடுக்கிற பொறுப்பு என் தலையில் விழுந்தது. நான் ரயில்வே மைதானத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்று, "நேரா பாரு, கீழ பார்க்காத" என்று கத்திக்கொண்டிருந்தேன். அவள் நாலு தடவை விழுந்து தானாகவே கற்றுக்கொண்டாள். பேர் எனக்கு வந்தது. "பின்ன, அம்மா யாரு!" என்று அண்ணி தெருவெல்லாம் சொன்னார். நாத்தனாரை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன்.

போன வருஷம் அண்ணி திடீரென்று அந்தமான் போக வேண்டும் என்றார். கூட வேலை பார்க்கிற ஒரு நர்ஸ் குடும்பத்தோடு போய்விட்டு வந்து, ஒரு முழு நைட் டூட்டியும் போட்டோ காட்டியிருக்கிறார்.

"நான் போறேன். வர்றவங்க வாங்க, வராதவங்க வூட்டப் பார்த்துக்குங்க" என்றார்.

பெண்ணுக்குப் பரீட்சை. அவளை என் அம்மாவிடம் விட்டுவிட்டு நாங்கள் இரண்டு பேரும் அண்ணியோடு கிளம்பினோம். விருத்தாசலம் ஜங்ஷனில் ரயில் ஏறும்போதே அண்ணியின் பையில் புளிசாதம், முறுக்கு, ஊறுகாய், ரத்த அழுத்தம் பார்க்கிற மிஷின், போய்ச் சேர்ந்ததும் பிள்ளையாருக்கு உடைக்க ஒரு தேங்காய் எல்லாம் இருந்தது. சென்னை ஏர்போர்ட்டில் தேங்காயைப் பிடித்துவிட்டார்கள். அண்ணி அந்தப் பாதுகாப்புக்காரரிடம் கால் மணி நேரம் நியாயம் பேசினார்.

கடைசியில் அவர் கேட்டார். "அம்மா, எந்த ஊருக்குப் போறீங்க?"

"அந்தமானுக்கு."

"அங்க போய்ப் பாருங்க" என்றார் அவர்.

போய்ப் பார்த்தோம். தென்னை மரம்தான். கப்பலில் போய் இறங்கிய சின்னத் தீவு முழுக்கத் தென்னை மரம். ஒவ்வொரு மரத்தையும் அண்ணி தனக்கு நடந்த அவமானமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். மரம் இல்லாத இடத்தில் நெல்வயல். கத்திரிக்காய்த் தோட்டம். வயலில் வைக்கோல் போர். என் வீட்டுக்காரர் வழி நெடுகப் புலம்பினார். "விமானம் ஏறி, கப்பல் ஏறி, நாலு தடவ வாந்தி எடுத்து வந்தா, சேத்தியாத்தோப்பு மாதிரி இருக்குது." நாலு தடவை வாந்தி எடுத்தது அவர்தான். பதினெட்டு வருஷமாக லாரி ஓட்டுகிறவர், கப்பல் கிளம்பிய பத்தாவது நிமிஷம் என் மடியில் சாய்ந்துவிட்டார்.

மறுநாள் காலை தீவைச் சுற்றிப் பார்க்க வண்டி எடுக்கலாம் என்று, நாங்கள் தங்கிய லாட்ஜுக்கு எதிரே இருந்த வாடகைக் கடைக்குப் போனோம். கடை என்றால் ஒரு தகரக் கொட்டகை. அதற்கு முன்னால் ஸ்கூட்டர்கள், சைக்கிள்கள். நடத்துகிறவர் ஒரு பெங்காலிப் பெண், என் வயசுதான் இருக்கும். இந்தியில் பேசினார். அண்ணி தமிழில் பேசினார். ஆஸ்பத்திரிக் குரலில் பேசினால் எந்த மொழிக்காரருக்கும் புரியும் என்பது அண்ணியின் நம்பிக்கை. அன்றைக்கு அது பொய்க்கவில்லை.

ஸ்கூட்டருக்கு லைசென்ஸ் வேண்டும் என்றார் அந்தப் பெண். என் வீட்டுக்காரர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். பர்ஸைத் திறந்து பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார். லைசென்ஸ் விருத்தாசலத்தில், லாரிக்குள், ஸ்டியரிங்குக்குப் பக்கத்துப் பெட்டியில் பத்திரமாக இருந்தது.

"அதனால என்ன?" என்றார் அண்ணி. "சைக்கிள் எடுத்துக்கலாம். எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். இவளுக்குச் சொல்லவே வேணாம்."

தப்பிக்க வழி தேடி, நின்ற வண்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

அப்போதுதான் ஓரமாக நின்ற அந்தப் பேட்டரி சைக்கிளைப் பார்த்தேன். தடிமனான டயர், குண்டாக ஒரு பேட்டரி, பின்னால் அகலமான கேரியர், கைப்பிடியில் ஒரு சின்னத் திரை. என்னவோ எனக்கு அது ஆபத்பாந்தவனாகத் தெரிந்தது. கரண்டில் ஓடுகிற வண்டி, மிதிக்க வேண்டியதில்லை, மிதிக்காவிட்டால் விழவும் மாட்டோம் என்று ஒரு கணக்குப் போட்டேன். இரண்டு சக்கரம் என்பது என் கணக்கில் வரவே இல்லை. படித்தது பிளஸ் டூ சயின்ஸ் குரூப்.

"எனக்கு முட்டி வலி அண்ணி. நான் இத எடுத்துக்கறேன்" என்றேன்.

அண்ணி என் முட்டியைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். "எடுத்துக்க" என்றார்.

கடைக்காரப் பெண் திரையைக் காட்டி ஒன்று, இரண்டு, மூன்று என்று விரலை நீட்டிச் சொன்னார். வேகம் போல. பெரிய எண் என்றால் நல்லதுதானே என்று நான் மூன்றில் வைத்துக்கொண்டேன். சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். கட்டை விரலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நெம்பு இருந்தது. அதை அழுத்தினேன்.

அந்த வண்டி என்னைக் கேட்கவே இல்லை. விருட்டென்று கிளம்பியது. நான் "ஏங்க!" என்று கத்தினேன். என் வீட்டுக்காரர் என்னை உற்சாகப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு கை தட்டினார். கடைக்கு முன்னால் ஒரு கொடியில் லாட்ஜுத் துண்டுகள் காய்ந்தன. அவற்றுக்குள் புகுந்து, நாலு துண்டைச் சேர்த்து எடுத்துக்கொண்டு, வேலி இடைவெளி வழியாகக் கத்திரித் தோட்டத்தில் இறங்கி, ஈர மண்ணில் சாய்ந்தேன். வண்டி மேலே, நான் கீழே. அதன் சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

எல்லாரும் ஓடி வந்தார்கள். இப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். மண்ணோடு எழுந்து நின்று நான் சொன்னது இதுதான்: "பிரேக்கு சரியில்ல."

கடைக்காரப் பெண் வண்டியை நிமிர்த்தி, பிரேக்கைப் பிடித்துப் பார்த்து, என்னை ஒரு பார்வை பார்த்தார். மொழி தெரியாவிட்டாலும் அந்தப் பார்வை எனக்கு நன்றாகப் புரிந்தது.

மூன்று கிலோமீட்டரில் ஒரு கடற்கரை, அங்கே பாறைகளும் நல்ல காற்றும் இருக்கின்றன என்று லாட்ஜில் சொல்லியிருந்தார்கள். என் வீட்டுக்காரருக்கு சைக்கிளில் ஏறியதும் பதினெட்டு வயசு திரும்பிவிட்டது. மணியடித்துக்கொண்டு கண்ணுக்கு மறைந்துவிட்டார். அண்ணி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முதுகை நேராக வைத்து, வார்டு ரவுண்டு போகிறவர் மாதிரி மிதித்தார்.

"நீங்க போங்க அண்ணி, நான் மெதுவா, வேடிக்கை பார்த்துக்கிட்டே வரேன்" என்றேன்.

வண்டியைத் தள்ள ஆரம்பித்தேன். பேட்டரி சைக்கிளைத் தள்ளிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது சைக்கிள் இல்லை, சக்கரம் வைத்த அம்மிக்கல். வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. மேட்டில் நான் அதைத் தள்ளினேன், பள்ளத்தில் அது என்னை இழுத்தது. எதிரே யாராவது டூரிஸ்ட்டுகள் வந்தால் சட்டென்று நின்று, ஒரு காலைப் பெடலில் தூக்கி வைத்து, கடலை ரசிக்கிற மாதிரி வயலைப் பார்த்தேன். ஒரு வெள்ளைக்காரப் பெண் என்னை அந்த நிலையில் போட்டோகூட எடுத்துக்கொண்டு போனாள். எந்த ஊரில் எந்தச் சுவரில் தொங்குகிறேனோ தெரியாது.

இரண்டு கிலோமீட்டர் வந்திருப்பேன். ஒரு வளைவில் மிட்டாய்க் கடை மாதிரி ஒரு சின்னக் கடை. அதன் வாசல் பெஞ்சில் அண்ணி உட்கார்ந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். சைக்கிளைத் தூணில் சாய்த்திருந்தார். நான் காலைப் பெடலில் தூக்கி வைப்பதற்குள் என்னைப் பார்த்துவிட்டார்.

"போதும், கால இறக்கு" என்றார்.

இறக்கினேன்.

"எவ்ளோ தூரம் தள்ளிக்கிட்டு வருவேன்னு பார்த்தேன். கடல் வரைக்கும் தள்ளுவ போலருக்குது."

"பிரேக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"உனக்கு சைக்கிள் தெரியாதுன்னு எனக்குப் பதிமூணு வருஷமாத் தெரியும்மா."

அவர் இளநீரை முழுசாக உறிஞ்சி முடித்துவிட்டுத்தான் மீதியைச் சொன்னார்.

"உன் பிரசவத்துல பக்கத்துல நின்னது யாரு? ரெண்டு முட்டியும் கழுவி வச்ச பீங்கான் மாதிரி இருந்துது. ஒரு தழும்பு இல்ல. சைக்கிள் கத்துக்கிட்டவ முட்டி அப்படியா இருக்கும்? என் முட்டியப் பார்க்கிறியா?"

"அப்பவே கேட்டிருக்கலாம்ல அண்ணி?"

"நீ இடுப்பு வலியில கத்திக்கிட்டு இருந்த. அந்த நேரத்துல சைக்கிளப் பத்திக் கேட்கச் சொல்றியா?"

"அப்புறமாவது..."

"அப்புறம் கேட்டு என்ன ஆவப்போவுது? புள்ள பொறந்தாச்சு. திட்டக்குடிப் பொண்ணைத் திரும்பக் கூப்பிட முடியுமா? அதுக்கும் கல்யாணம் ஆயிடுச்சு."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. பதிமூன்று வருஷம் நான் முதுகு வலி, புடவை, மழை என்று சொன்ன எல்லாவற்றையும் இந்த மனுஷி தெரிந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். தெருவில் "பின்ன, அம்மா யாரு!" என்று சொன்னதும் தெரிந்தேதான். அதைக் கேட்டேன்.

"ஆமா. நீ நெளிஞ்சத பார்க்க நல்லா இருந்துது" என்றார். துளிகூடக் கூச்சப்படவில்லை. "எனக்கும் பொழுது போவணும்ல?"

தன் சைக்கிளைக் கடைத் தூணோடு பூட்டிவிட்டு, பேட்டரி சைக்கிளை என்னிடமிருந்து வாங்கினார். ஒன்றில் வைத்தார். என்னைக் கேரியரில் உட்காரச் சொன்னார். இரண்டு பேரும் லேசான ஆட்கள் இல்லை. வண்டி ஒரு தரம் முனகியது, பிறகு கிளம்பியது. காற்று வந்தது. அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். கல்யாணமாகிப் பதினஞ்சு வருஷத்தில் அண்ணியை நான் தொட்டதே அபூர்வம்.

"எதுக்கு அண்ணி அந்தமானு? நெசமாவே போட்டோ பார்த்தா?"

ரோட்டில் ஒரு குழியைச் சுற்றி ஓட்டிவிட்டுச் சொன்னார்.

"முப்பது வருஷமா எங்க போனாலும் சிஸ்டருதான். கல்யாண வூட்ல பந்தியில உட்கார்ந்தா, சிஸ்டர் இந்த வீக்கத்தக் கொஞ்சம் பாருங்கன்னு கால நீட்டுறாங்க. கோயில்ல கற்பூரம் காட்டும்போது ஒருத்தன் சுகர் ரிப்போர்ட்டக் காட்டுறான். நாலு நாளு, யாரும் சிஸ்டர்னு கூப்பிடாத ஊர்ல இருக்கணும்னு தோணுச்சு. நடுவுல கடல் இருந்தாத்தான் அது நடக்கும்."

கடற்கரை வந்துவிட்டது. அங்கே பாறைமேல் என் வீட்டுக்காரர் ஒரு காலைக் கையில் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்து, "அக்கா! அக்கா!" என்று கத்திக்கொண்டிருந்தார்.

கடல் உள்வாங்கியிருந்த நேரம். பாறைக் குழிகளில் தேங்கிய தண்ணீரில் மீன் பார்க்கப் போனவர், உருண்டையாக, கறுப்பாக, உடம்பெல்லாம் முள்ளாக இருந்த ஏதோ ஒரு கடல் பிராணியை வெறுங்காலால் மிதித்துவிட்டார். பாதத்தில் பதினஞ்சு இருபது முள் ஏறி ஒடிந்து நின்றது. அண்ணி குனிந்து பார்த்தார். அவர் முகத்தில் அந்த நாலு நாள் லீவு அங்கேயே முடிந்துபோனதை நான் பார்த்தேன்.

"செத்துருவனாக்கா?"

"வாய மூடு. சுடுதண்ணியில ஊற வச்சி எடுக்கணும். டிடி ஊசி ஒண்ணு போடணும். வேற ஒண்ணும் இல்ல."

என் வீட்டுக்காரரைக் கேரியரில் ஏற்றிக்கொண்டு அண்ணி கிளம்பினார். போகும்போது என்னிடம், "அவன் சைக்கிளையும், கடையில என் சைக்கிளையும் கொண்டாந்துரு. தள்ளுறதுக்கு உனக்குச் சொல்லித் தரணுமா என்ன?" என்று சாவியை எறிந்துவிட்டுப் போனார்.

நானும் ஒரு சைக்கிளும் ஆளில்லாத ரோடும் மட்டும் மிச்சம். யாரும் பார்க்கவில்லை என்றால் மனுஷருக்கு எங்கிருந்தோ ஒரு துணிச்சல் வந்துவிடுகிறது. ஏறினேன். விழுந்தேன். மறுபடி ஏறினேன். இருபது அடி போனேன். நிஜமாகவே இருபது அடி, காலைத் தரையில் ஊன்றாமல். அந்தச் சந்தோஷத்தில் கண்ணை மூடியிருப்பேன் போல. விழுந்த இடத்தில் சரளைக்கல். முட்டி கிழிந்து ரத்தம் வந்தது. தோட்டத்தில் கத்திரிக்காய் பறித்துக்கொண்டிருந்த ஒரு மனிதர் நிமிர்ந்து பார்த்து, பெங்காலியில் ஏதோ சொன்னார். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். அதற்குமேல் தள்ளிக்கொண்டே போனேன். கடையில் இரண்டாவது சைக்கிளையும் சேர்த்துக்கொண்டேன். இடது கையில் ஒன்று, வலது கையில் ஒன்று. இரண்டும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தன.

லாட்ஜுக்கு வந்து பார்த்தால் எங்கள் ரூம் வாசலில் ஆறேழு பேர் நிற்கிறார்கள். எனக்கு உயிரே போய்விட்டது. ஏதோ ஆகிவிட்டது என்று சைக்கிள்களைப் போட்டுவிட்டு ஓடினேன். உள்ளே என் வீட்டுக்காரர் பாதத்தை வெந்நீர் வாளியில் விட்டுக்கொண்டு பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஊசியும் தீவு ஆஸ்பத்திரியில் போட்டாகிவிட்டது. முள் எடுத்த அழகை லாட்ஜ் சமையல்காரர் பார்த்திருக்கிறார். அவர் போய் நாலு பேரிடம் சொல்லியிருக்கிறார். இப்போது அவர் தன் தலைசுற்றலைக் காட்ட வந்திருந்தார். அவருக்குப் பின்னால் வாடகைக் கடைப் பெண், வீங்கிய காலோடு தன் அம்மாவைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு. அவருக்குப் பின்னால் யார் யாரோ.

"சிஸ்டர், சிஸ்டர்" என்றார் சமையல்காரர். பெங்காலிக்கும் அதே வார்த்தைதான் போலிருக்கிறது.

அண்ணி என்னைப் பார்த்தார். நான் அண்ணியைப் பார்த்தேன். பிறகு அவர் பையைத் திறந்து ரத்த அழுத்தம் பார்க்கிற மிஷினை எடுத்தார். "வரிசையில நில்லுங்க" என்று தமிழில் அதட்டினார். நின்றார்கள்.

அடுத்த இரண்டு நாளும் அதே கதைதான். மாத்திரை தர மாட்டார், அதற்கெல்லாம் டாக்டரிடம் போ என்று ஆஸ்பத்திரி இருக்கும் திசையைக் கையால் காட்டுவார். ஆனால் பார்க்காமல் அனுப்பவும் அவருக்கு மனசு வராது. அவருக்கு மீன் வந்தது, வாழைப்பழம் வந்தது, கத்திரிக்காய் ஒரு கூடை வந்தது. யாரோ ஒருவர் நாலு தேங்காய் கொண்டுவந்து வைத்தார். அண்ணி அதைத் தொடவே இல்லை.

என் வீட்டுக்காரர் படுக்கையில் ராஜாவாகப் படுத்திருந்தார். எனக்கு வேலை இல்லை. கடைக்காரப் பெண்ணிடம் போய், சைகையில், அந்தப் பேட்டரி சைக்கிளைக் கேட்டேன். அவர் முதலில் கொடியில் கிடந்த துண்டுகளை எல்லாம் எடுத்து உள்ளே வைத்தார். பிறகு சீட்டை இரண்டு கால்களும் தரையில் படுகிற அளவு இறக்கிக் கொடுத்தார். கொட்டகைக்குப் பின்னால் ஒரு வெற்றிடம். அங்கே ஒன்றில் வைத்து, காலைத் தரையில் தேய்த்துத் தேய்த்து, தவளை மாதிரி போனேன். இரண்டாம் நாள் சாயங்காலத்துக்குள் நேராகப் போக வந்துவிட்டது. திரும்பத்தான் வரவில்லை. வளைவு வந்தால் நிறுத்தி, இறங்கி, வண்டியை வேண்டிய திசைக்குக் கையால் திருப்பி வைத்துவிட்டு மறுபடி ஏறுவேன். தீவு ரோடு பெரும்பாலும் நேர்தான் என்பதால் அது பெரிய குறையாகத் தெரியவில்லை.

கடைசி நாள் காலை. பத்து மணிக்குக் கப்பல். விடிந்தும் விடியாத வேளையில் அண்ணியை உலுக்கினேன்.

"அண்ணி, எழுந்திரிங்க. சமையல்காரர் எழுந்துக்கறதுக்குள்ள ஓடிரலாம்."

அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மாற்றிக்கொள்ளக்கூட நேரம் எடுக்காமல், நைட்டியோடு, தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு வந்தார். நானும் நைட்டிதான். முந்தின நாளே கடைக்காரப் பெண்ணிடம் கேட்டு இரண்டு வண்டிகளையும் வேலி ஓரமாக வைத்திருந்தேன். அவர் சைக்கிளில், நான் பேட்டரியில். முதல் வளைவில் நான் இறங்கி வண்டியைத் திருப்பி வைத்ததைப் பார்த்து, அண்ணி சைக்கிளை விட்டுக் கீழே இறங்கி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"இது என்னடி ரயில் இன்ஜினா?" என்றார். அதுவரை என்னை ஒரு நாளும் ‘டி’ போட்டுப் பேசியதில்லை.

வேறு ஒரு கடற்கரைக்குப் போனோம். மணலில் சாய்ந்த மரங்கள், கண்ணாடி மாதிரி தண்ணீர். இரண்டு பேருக்கும் நீச்சல் தெரியாது. முட்டியளவுத் தண்ணீரில் போய், அண்டாவுக்குள் உட்கார்கிற மாதிரி உட்கார்ந்துகொண்டோம். நைட்டி இரண்டும் பலூன் மாதிரி மிதந்தன. என் முட்டிக் காயத்தில் உப்புத் தண்ணீர் பட்டு எரிந்தது.

"கழுவு, நல்லது" என்றார். உடனே, "சீ, பழக்க தோஷம்" என்றார்.

ஒரு புதுமணத் தம்பதி வந்து தங்களைப் போட்டோ எடுக்கச் சொன்னார்கள். அண்ணி ஈரக் கையோடு வாங்கி, மிகுந்த கவனத்தோடு, ஏழெட்டு எடுத்துக் கொடுத்தார். எல்லாவற்றிலும் கால்கள் மட்டும் இருந்தன. அந்தப் பையன் பார்த்துவிட்டு மரியாதையாக நன்றி சொன்னான். அதற்குப் பிறகு ஒரு அலை வந்து இரண்டு பேரையும் புரட்டிப் போட்டது. மூக்கிலும் வாயிலும் தண்ணீர் புகுந்து எழுந்தோம். எழுந்து, மறுபடி அதே இடத்தில் உட்கார்ந்தோம். அண்ணி ஒரு மணி நேரம் ஒரு வார்த்தை பேசவில்லை. வெயில் ஏறியது தெரியவில்லை.

மணியைப் பார்த்தபோது ஒன்பதே கால்.

திரும்பும்போது நான் ஒரு வளைவிலும் இறங்கவில்லை. பயத்தில் வண்டி தானாகத் திரும்பியது என்று நினைக்கிறேன். அண்ணி பின்னாலிருந்து, "நேரா பாரு, கீழ பார்க்காத!" என்று கத்திக்கொண்டே வந்தார். வண்டிகளைக் கடைக்காரப் பெண்ணிடம் விட்டோம். அவர் அண்ணியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு பெங்காலியில் என்னென்னவோ சொன்னார். அண்ணி தமிழில், "உங்கம்மாவ உப்பு கொறச்சிச் சாப்பிடச் சொல்லு, டாக்டர்கிட்ட கண்டிப்பா காட்டு" என்றார். அந்தப் பெண் சரி சரி என்று தலையாட்டினார். ஈர நைட்டிக்கு மேலே துண்டைச் சுற்றிக்கொண்டு படகுத்துறைக்கு ஓடினோம்.

அங்கே என் வீட்டுக்காரர் கட்டுப் போட்ட காலைத் தூக்கிக்கொண்டு, ஒற்றைக் காலில், மூன்று பைகளுக்கும் நடுவே நின்றிருந்தார். கப்பலில் எல்லாரும் ஏறியாகிவிட்டது. எங்களைப் பார்த்ததும் கையை ஆட்டி ஆட்டி என்னென்னவோ கத்தினார். நல்ல வார்த்தைகளாக இருக்காது. ஊழியர் ஒருவர் அவரைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தார்.

"என்ன சொல்றான் அவன்?" என்றார் அண்ணி.

"தெரியல அண்ணி" என்றேன். எனக்கு இரண்டு காதிலும் கடல் தண்ணீர் அடைத்துக்கொண்டிருந்தது.

"எனக்கும்தான்" என்றார் அவர். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, ஒற்றைக் காலில் இரண்டு குதி குதித்துப் பார்த்தார். போகவில்லை. அப்படியே கப்பல் ஏறினோம்.